மூன்று பட்டை வைத்த பை

கிபியோன்
9 மார்ச் 1986

எல்சபேக்கு,

கிறிஸ்துமஸுக்கு வந்த நீ கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போன பிறகு உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நீயும் எழுதவில்லை. பிடிவாதத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. போன சனிக்கிழமை பண்ணை மேய்ச்சல் முடிந்து வீட்டுக்கு வந்த உன் அத்தான் கொட்லீப், தொப்பியைக்கூடக் கழற்றாமல், "இன்னுமா பேசல? ரெண்டு கிடா முட்டிக்கிட்டாக்கூட மத்தியானத்துக்குள்ள ஒண்ணா மேய ஆரம்பிச்சிடுமே" என்றார். அந்த மனுஷன் வாய் திறப்பதே அபூர்வம். அதனால் யோசித்தேன்.

ஊரோடு இரு, தலைநகரம் விண்டூக்கில் யாரோ துப்பிய படுக்கை விரிப்பைத் துவைத்துப் பிழைக்க வேண்டாம் என்று நான் சொன்னது தப்பா? சரி, விடு. மறுபடி ஆரம்பிக்கவில்லை.

இந்தப் பொட்டலத்தில் இருப்பது உனக்கு. ஆட்டுத்தோல் ஏற்றும் லாரி ஓட்டுகிற பிலிப்பஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ உன் பூவேலையை எல்லாம் ஒரு மாவுச் சாக்கில் திணித்துக்கொண்டு வந்திருந்தாயே, நூலெல்லாம் சிக்கு, வளையத்தில் மாவு, ஊசி எங்கே என்று பிள்ளைகளின் காலில் குத்திய பிறகுதான் தெரிந்தது! என் தங்கை தேவாலயத்துத் தையல் வட்டத்துக்கு இப்படியா போகிறாள் என்று எனக்கு மானம் போயிற்று.

உள்ளே பார். வளையம் வைக்கத் தனி அறை. நூல்கண்டுக்குச் சின்னச் சின்ன அறைகள். ஊசி குத்தி வைக்கக் கம்பளித் துண்டு ஒன்று மடித்துத் தைத்திருக்கிறேன். கத்தரிக்கோலுக்கு நாடா. வெளியே எல்லாம் ஒட்டுத் துணி. பக்கங்களில் பழைய பாவாடைத் துண்டுகள், உனக்கே அடையாளம் தெரியும். முன்பக்கத்துக்கு மஞ்சளும் பழுப்பும் வைக்கலாம் என்று இருந்தேன். நனைத்தவுடன் மஞ்சள் சாயம் விட்டுவிட்டது. கையில் பெரிதாக மிஞ்சியிருந்தது அத்தானின் வேலைச் சட்டை நீலம், என் தலைத்துணிச் சிவப்பு, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட திரைச்சீலைப் பச்சை. மூன்றையும் பட்டை பட்டையாகப் படுக்க வைத்து இணைத்தேன். மேலே சங்கிலித் தையலில் கினிக்கோழி, ஆமை, முள்மரம். ஆமையின் முதுகுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. அதைப் பார்த்துச் சிரித்தாயானால் கொன்றுவிடுவேன்.

எழுது.

ஹெல்மினா


கட்டுதுரா, விண்டூக்
23 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

ஆமையைப் பார்த்துச் சிரித்தேன். வந்து கொல்லு. கொல்ல வந்த சாக்கிலாவது உன்னைப் பார்த்தது போல இருக்கும்.

பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பாவாடைத் துண்டை இடது பக்கத்தில் வைத்திருக்கிறாய். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தாயா?

சனிக்கிழமை வட்டத்துக்கு எடுத்துப் போனேன். பெண்கள் பையைக் கைக்குக் கை மாற்றி, உள்ளே வெளியே புரட்டி, தையலை எண்ணாத குறைதான். எங்கள் தலைவி மார்த்தா, உனக்குத் தெரியுமே, ஆள் அகலம், சிரிப்பு அதைவிட அகலம், "இந்தப் பையை வெச்சுக்கிட்டு இவ பண்ற பூவேலையைப் பாத்தா பைக்கே வெக்கமா இருக்கும்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மார்த்தா பையை அளவும் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவள். இறங்கும்போது என் கையை அழுத்தி, "தைரியக்காரிதான் நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தையலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பை தைக்க என்ன தைரியம் வேண்டும்? மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனதும் கூட வேலை பார்க்கும் ஒட்டிலி என்னை வெந்நீர்க் கொப்பரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "பைத்தியமாடி உனக்கு? மேல நீலம், நடுவுல சிவப்பு, கீழ பச்சை. அது யாரு கொடி? இதைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாவா நடந்து வந்தே?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து எல்லைக்கு அப்பால் போய்த் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்களே, அவர்கள் கொடி. சுவரில் யாராவது கரியால் எழுதினாலே இழுத்துக்கொண்டு போகிற காலத்தில் நான் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது பையை உள்பக்கம் வெளியே திருப்பிக்கொண்டு வந்தேன்.

அக்கா, உனக்குத் தெரிந்தா வைத்தாய்?

எல்சபே


கிபியோன்
2 ஏப்ரல் 1986

எல்சா,

தெரிந்து வைப்பேனா? அத்தான் வேலைச் சட்டை, என் தலைத்துணி, பள்ளிக்கூடத் திரைச்சீலை. இவ்வளவுதானடி எனக்குத் தெரியும். கொடியைப் பார்த்தவள் யார் இங்கே? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பால் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டேன். பிள்ளைகளிடம் பூனை தட்டியது என்று சொன்னேன். நம் வீட்டில் பூனையே இல்லை.

உடனே பிரித்துவிடு. எப்படி என்று சொல்கிறேன், கேள். உள்துணியின் அடி மூலையில் ஓட்டுத் தையலாகத்தான் விட்டிருக்கிறேன், அங்கே ஆரம்பி. உள்ளே கை விட்டால் பட்டைகளின் இணைப்பு கிடைக்கும். பிளேடு வேண்டாம், துணி கிழியும். ஊசி முனையால் ஒரு தையல் விட்டு ஒரு தையல் தூக்கி அறு. சிவப்பை எடுத்துவிட்டு எதையாவது வை. மாவுச் சாக்குத் துண்டையாவது வை. சிவப்பு இல்லையென்றால் அது வெறும் துணிதானே?

போன வருஷம் பள்ளிக்கூடத்து இசாக் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? அவர் என்ன செய்தார்? பிரசங்கத்தில் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டார். திரும்பி வந்துவிட்டார், ஆமாம். இப்போது தெருவில் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பிள்ளைகள் வணக்கம் சொன்னால் பதில் சொல்வதில்லை. அவ்வளவு கணீரென்று பாடுகிற மனுஷன், எல்சா.

அத்தானிடம் சொல்லவில்லை. பண்ணை முதலாளிக்குக் காற்று வாக்கில் எட்டினால் போதும், நாளைக்கே ஆட்டையும் எங்களையும் வேலிக்கு வெளியே தள்ளிவிடுவான்.

பிரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஹெல்மினா


கட்டுதுரா
13 ஏப்ரல் 1986

அக்கா,

பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். நீ சொன்ன மூலையிலேயே ஆரம்பித்தேன். ஆனால் ஆமை சிவப்பிலும் பச்சையிலும் கால் பரப்பி நிற்கிறது, முள்மரம் மூன்றிலும் வேர் விட்டிருக்கிறது. இணைப்பைப் பிரித்தால் எல்லாம் இரண்டாகப் போகும். ஒரு வாரம் உழைத்தேன் என்றாயே. ஊசியை வைத்துவிட்டேன். திட்டு. நான் இல்லாத இடத்தில் திட்டு.

பையைப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டு மறுபடி மாவுச் சாக்கைத் தூக்கினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

மார்த்தா அளவெடுத்தாள் என்று எழுதினேனே. போன வாரம் வட்டத்துக்குப் போனால் அவள் மடியில் அதே பை. அதே மூன்று பட்டை. பக்கத்தில் இருந்தவளும் வெட்டிக்கொண்டிருந்தாள். சாயம் போட்ட புதுத் துணி, பளபளவென்று. "ஐயோ மார்த்தா, இது வேணாம், என் அக்கா தெரியாம வெச்சது" என்றேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "உன் அக்கா தெரியாம வெச்சா. நாங்க தெரிஞ்சு வெக்கிறோம். பை தைக்கிறது குத்தமா?" அந்த அகலச் சிரிப்பு அன்றைக்கு இல்லை. அவள் மகன் எல்லை தாண்டிப் போனவன் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவளுக்குத் தெரியாதாம்.

நான் ஓரத்தில் உட்கார்ந்து தலையணை உறைக்கு ரோஜா தைத்தேன். ரோஜா கோணலாக வந்தது.

இப்போது தேவாலயத்துக்கு எதிரே வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது. போன வாரமும் நின்றது. நேற்று நான் சாக்கோடு வெளியே வந்தேன். காருக்குள் இருந்தவன் கண்ணாடியை இறக்கினான். இளம் வயது, நன்றாகச் சவரம் செய்த முகம். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்.

"அழகான பை ஒண்ணு வெச்சிருந்தியேம்மா. அதை ஏன் இப்பல்லாம் எடுத்துட்டு வர்றதில்ல?"

நான் அந்தப் பையை வெளியே எடுத்தே எத்தனையோ நாளாகிறது, அக்கா. அவன் எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்?

வேகமாக நடந்தேன். பின்னாலேயே கார் மெதுவாக வந்தது. வீடு வரை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன், பிலிப்பஸிடம் கொடுக்கிறேன். நீயும் இனி என் விலாசத்துக்கு எழுதாதே. மார்த்தா வீட்டுக்கு எழுது.

பயமாக இருக்கிறது அக்கா. சின்ன வயதில் இடி இடித்தால் உன் போர்வைக்குள் வந்து புகுந்துகொள்வேனே, அப்படி.

எல்சபே


கிபியோன்
28 ஏப்ரல் 1986

எல்சபே,

இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள்.

ஜீப் வந்த தூசியைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் வீட்டில் இருந்த நாள். அவரைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள். பிள்ளைகளை ஆட்டுப்பட்டிக்குப் போ என்று விரட்டினேன். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். என் வெட்டுத்துணிப் பெட்டியை நடு வீட்டில் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை. தையல் மெஷினைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிறகு, நீ எழுதியிருந்தாயே, அந்தச் சவரம் செய்த முகத்துக்காரன் என்னை உட்காரச் சொல்லி, தானும் எதிரே உட்கார்ந்து, "பாவம்மா நீ. உன் தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா. நிறத்தை எடுத்துக் குடுத்தது, மாதிரி தைச்சு அனுப்பினது, எல்லாம் நீதானாம். அவ தப்பிச்சுக்கிட்டா. உனக்குப் பிள்ளைங்க இருக்கு. நான் என்ன பண்றது?" என்றான்.

நான் இங்கே உனக்காகச் சோறு இறங்காமல் கிடக்கிறேன், நீ என்னைக் கைகாட்டிவிட்டாயா? பிள்ளைகளைப் பட்டி வேலி ஓரமாகப் பார்த்தேன். அத்தான் தொப்பியைக் கையில் வைத்து நெரித்துக்கொண்டு நின்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவதான் கேட்டா. இந்த நிறம் வேணும்னு அவதான் கேட்டா. நான் தைச்சுக் குடுத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது."

எழுதிக்கொண்டான். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன்.

அவர்கள் போன பிறகு அத்தான் என்னைப் பார்க்கவில்லை. கொட்டிய அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் பொறுக்கப் பொறுக்க எனக்குச் சந்தேகம் வந்தது. நீ நிஜமாகவே சொன்னாயா? சொல்லியிருந்தால் என் முகத்தில் விழிக்காதே. சொல்லவில்லையென்றால், எல்சா, சொல்லவில்லையென்றால் நான் என்ன செய்திருக்கிறேன்?

உடனே எழுது. எங்கே இருக்கிறாய்?

ஹெல்மினா


விண்டூக்
6 மே 1986

திருமதி ஹெல்மினாவுக்கு,

நான் நலம். காவலில் இருக்கிறேன். நன்றாக நடத்துகிறார்கள். உணவு கிடைக்கிறது.

ஈஸ்டர் கழிந்த மூன்றாம் ஞாயிறு முதல் இங்கே இருக்கிறேன். பையையும் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். கையெழுத்தையும் காட்டினார். தங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. மாற்று உடை இருந்தால் மார்த்தாவிடம் கொடுத்தனுப்பலாம் என்கிறார்கள். மார்த்தாவும் இங்கேதான் காவலில் இருக்கிறாள். அது அவர்களுக்கும் தெரியும். எனவே வேண்டாம்.

எல்சபே


கிபியோன்
14 மே 1986

எல்சாவுக்கும், இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்னால் படிக்கப்போகும் ஐயாவுக்கும்,

ஐயா, முதலில் உங்களுக்கே சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போட்டது பொய். என் தங்கை எந்த நிறமும் கேட்கவில்லை. பை வரப்போவதே அவளுக்குத் தெரியாது. துணியை எடுத்தது நான், வெட்டியது நான், பட்டை போட்டது நான். பயத்தில் அவள் பெயரைச் சொன்னேன். நீங்கள் என் எதிரே உட்கார்ந்து பேசியபோது என் பிள்ளைகள் வேலியோரம் நின்றார்கள். அவ்வளவுதான் காரணம்.

எல்சா, "திருமதி" என்று எழுதிவிட்டாயே. படித்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய் உட்கார்ந்தேன். ஆடுகள்கூட விலகிப் போனது போல இருந்தது.

நீ என்னைக் கைகாட்டியிருக்க மாட்டாய். அது இப்போது தெரிகிறது. உன் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்தேன். அவர்கள் இங்கே வருவதற்கு முன்பே நீ உள்ளே போயிருக்கிறாய், ஆனால் என் வாக்குமூலத்தைக் காட்டித்தான் உன்னை அடித்திருக்கிறார்கள். கையால் அடித்தார்களா என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

நான் வருகிறேன். வியாழக்கிழமை ரயிலில். நேரில் வந்து சொன்னதைத் திருப்பிச் சொல்லப் போகிறேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. மூட்டை கட்டும்போது முடிச்சுப் போட முடியவில்லை, விரல் கேட்கவில்லை. அத்தான் வாங்கி முடிச்சுப் போட்டார். "போனா திரும்பி வருவியான்னு தெரியாது" என்றார். "தெரியாது" என்றேன். "போகலைன்னா?" என்று கேட்டார். முடிச்சை இறுக்கினார். "போகலைன்னா நீ இங்கயும் இருக்க மாட்டே. போ. பிள்ளைங்கள நான் பாத்துக்குறேன்" என்றார். முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, மாசக் கடைசியோடு பண்ணை வேலை முடிகிறது. அதை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். நான் முந்திக்கொண்டு கேட்டுவிட்டேன்.

கம்பளிச் சட்டை எடுத்து வருகிறேன். அங்கே குளிர் வந்திருக்கும்.

அக்கா


கட்டுதுரா
3 ஜூன் 1986

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. உள்ளே இருந்தவள் வெளியே, வெளியே இருந்தவள் உள்ளே. இதென்ன விளையாட்டு?

அன்றைக்கு என்னை அறையிலிருந்து கூட்டி வந்தார்கள். மறுபடி விசாரணை என்று நினைத்தேன். அந்த நீள நடைபாதையின் மறுகோடியில் நீ வந்துகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டி, தலைத்துணியை இறுக்கி முடிந்து, இரண்டு காவலர்களுக்கு நடுவே. முதலில் கனவு என்று நினைத்தேன். பக்கத்தில் வந்ததும் காவலன், "பேசக் கூடாது" என்றான். நீ அவனைப் பார்க்கவே இல்லை.

"சாப்பிட்டியாடி?" என்றாய்.

நான் தலையாட்டினேன். பொய். அதற்குள் உன்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை வாசலில் கொண்டுவந்து விட்டு, "போ" என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. வெயிலில் கண் கூசியது. எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

என்னிடம் அவர்கள் சொன்னது எல்லாம் பொய் என்றுதான் முதலில் நம்பினேன். உன் கையெழுத்தைக் காட்டியதும் நம்பிக்கை போயிற்று. அன்றிலிருந்து உன்னை வெறுத்தேன் அக்கா. மறைக்கவில்லை. உன்னை வெறுப்பதற்குத் தெம்பு வேண்டுமே என்றுதான் அவர்கள் கொடுத்த களியைக்கூடத் தின்றேன். பிறகு நீ பட்டைகளைப் பிரிக்கச் சொல்லி எழுதியது நினைவுக்கு வந்தது. பிளேடு வேண்டாம், துணி கிழியும் என்று எழுதினாயே, உயிர் போகிற பயத்திலும் துணி கிழியக் கூடாது என்று நினைத்தவள் நீ. அவளா என்னைக் கிழிப்பாள்? அதற்குமேல் வெறுக்க முடியவில்லை. அடிக்கவில்லை அக்கா. நிற்க வைத்தார்கள். தூங்க விடவில்லை. அவ்வளவுதான். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

இப்போது வெளியே இருக்கிறேன், ஆனால் உள்ளே இருந்தபோது இவ்வளவு பயம் இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்றாவது தெரியும். இங்கே ஒவ்வொரு நாளும் நானாகவே கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. உன்னால் நெடுநேரம் நிற்க முடியாதே, முழங்கால் வலிக்குமே.

அத்தான் பிள்ளைகளோடு வந்துவிட்டார். என் அறையில்தான் எல்லோரும். சமையலுக்கு அவர்தான். களி கட்டி கட்டியாகக் கிண்டுகிறார், பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால், "உங்கம்மா வந்து கிண்டுவா, அதுவரைக்கும் இதான்" என்கிறார்.

தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே நடைபாதையில் போய் உட்காருகிறேன். முதல் நாள் நான் மட்டும்தான். பிறகு ஒட்டிலி வந்தாள். இப்போது வட்டத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். கையில் பூவேலை. கோஷம் இல்லை, கொடி இல்லை, நிறம் வைத்த பையும் இல்லை. எல்லோரும் மாவுச் சாக்குதான். ஒரு காவலன் வந்து, "இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டான். ஒட்டிலி, "உள்ள எங்க ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க. வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுமா, கை துருதுருங்குது" என்றாள். அவன் திரும்பிப் போய்விட்டான். எத்தனை முறை ஊசி விரலில் குத்தியது என்று கேட்காதே.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் எட்டிப் பார். உன்னை எங்களால் பார்க்க முடியாது. நாங்கள் இருக்கிறோம்.

எல்சா


கிபியோன்
20 ஜூலை 1986

எல்சா,

வந்து சேர்ந்தோம். ரயிலில் பிள்ளைகள் என் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார்கள், எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூடக் கை இல்லை. அத்தானுக்கு ரயில்பாதையில் கூலி வேலை ஒன்று கிடைக்கும்போல இருக்கிறது. பண்ணை வீட்டை விட்டுவிட்டு ஊருக்குள் இந்த ஒற்றை அறையில் இருக்கிறோம். பரவாயில்லை. வாசலில் வெயில் நன்றாக அடிக்கிறது.

அங்கே உன் அறையில் இருந்தபோது நீ கேட்டாய், உள்ளே என்ன நடந்தது என்று. வாய் வரவில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது.

தினமும் ஒரே கேள்விதான். இந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், யார் சொன்னார்கள்? தினமும் ஒரே பதில்தான் சொன்னேன். நீலம் என் புருஷன் சட்டை, சிவப்பு என் தலைத்துணி, பச்சை பள்ளிக்கூடத் திரை. நிற்க வைத்துக் கேட்டார்கள், உட்கார வைத்துக் கேட்டார்கள். கத்தினார்கள், டீ கொடுத்தார்கள். பயத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கே வரவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்களோ என்னவோ, நிஜத்தில் எனக்கு அதைவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் ஒரு நாள் பையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான் சவரம் செய்த முகத்துக்காரன். பக்கத்தில் ஒரு பிளேடு. "நீயே பிரி. பிரிச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றான்.

நான் பிரித்திருப்பேன் எல்சா. உனக்கே அப்படித்தானே எழுதினேன். பிளேடை எடுத்தேன். அது மேஜையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. கீழே வைத்துவிட்டேன். அவன் சிரித்துவிட்டுத் தானே எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தான். எங்கே தையல், எங்கே துணி என்று தெரியாதவன் கிழித்தால் எப்படி இருக்கும்? கினிக்கோழியின் கழுத்தில் நூல் பிரிந்து தொங்கியது. கிழிசல் அம்மாவின் பாவாடைத் துண்டுவரை போயிற்று. நான் அழுதேன். எவ்வளவோ நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது.

மூன்று பட்டையையும் தனித்தனியாக என் முன்னால் போட்டான். "இப்ப இது என்ன?"

"துணி" என்றேன்.

"இதுக்கு முன்னாடி?"

"அப்பவும் துணிதான் ஐயா. நீங்கதான் அதைக் கொடின்னு சொன்னீங்க. தைச்சப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவன் ஃபைலை மூடிவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் மார்த்தாவையும் என்னையும் அனுப்பிவிட்டார்கள். வழக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மெஷினும் வரவில்லை.

வெளியே வந்ததும் எதிரே நீங்கள் எல்லோரும் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேனே, அதைப் பற்றி எழுத எனக்கு வராது. விட்டுவிடுகிறேன்.

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் துணி கேட்டுக்கூட வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் இசாக் மாஸ்டர் வீட்டுப் பக்கம் போனதில்லையே. பயம் போய்விட்டதா என்று நீ கேட்டால், இல்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும்.

இதோ, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அத்தான் வீட்டில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடவுளே. இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிரீடா. நான் தாழ்ப்பாளை எடுக்கவே எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? அவளும் வெளியே காத்து நின்றிருக்கிறாள். மார்போடு ஒரு கிழிந்த போர்வையை அணைத்துக்கொண்டு, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, "மெஷின் இல்லைன்னு சொன்னாங்க. கையால தைப்பியா ஹெல்மினா?" என்றாள்.

"தைப்பேன். உள்ள வா" என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். "கதவைச் சாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்றேன். இப்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டு இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். அவள் ஊசி கோக்கிறாள். நான் இதை முடிக்கிறேன்.

அக்கா